பிச்சைமுத்து சார் வரைந்த வளைகோடு

என் அக்கா புருஷன் பிச்சைமுத்துவைப் பற்றி நல்லவிதமாக எழுதச் சொன்னால் என்னால் முடியாது. அவர் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள். ஆளாளுக்கு அவரை வானத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். நேரம் தவறாதவர், பொய் பேசாதவர், இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் டியூஷன் காசு வாங்காதவர் என்று பக்கம் பக்கமாகப் பாராட்டு. எல்லாம் உண்மைதான். கொழுந்தியாள் என்ற முறையில் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். அப்போது நேரமில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, அந்த நேரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான் என்பதால் எழுதுகிறேன்.

ஆளைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை தோன்றும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் அளவான திருநீறு. தாசேக் கெலுகோரில் எண்ணெய் ஆலை லாரி ஓட்டியவரின் மகன். படித்து, கோலாலம்பூரில் பொருளாதாரப் பட்டம் வாங்கி, முதலில் பினாங்கின் பெருநிலத்துப் பள்ளி ஒன்றில் வாணிகப் பாடம் எடுத்தார். புக்கிட் மெர்தாஜாம் சுற்றுவட்டாரத்தில் என் வயதில் இருக்கும் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் சார். பிறகு கடல் தாண்டித் தீவுக்கு மாற்றலாகி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குப் பொருளாதாரம் நடத்தினார். இப்போது ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அக்காவோடு இருக்கிறார். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடை மாடியில் டியூஷன் எடுக்கிறார்.

அவருக்கு உயிர் ஒரு கோட்டின் மேல். எந்த வகுப்பாக இருந்தாலும், எந்தப் பாடமாக இருந்தாலும், எப்படியாவது சுற்றி வளைத்து அந்தக் கோட்டுக்கு வந்துவிடுவார். பலகையில் கீழே படுக்கையாக ஒன்று இழுப்பார், அது வேலையில்லாதவர்கள். பக்கவாட்டில் நேராக ஒன்று இழுப்பார், அது விலையேற்றம். பிறகு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே வரை ஒரு வளைகோட்டை ஒரே மூச்சில் இறக்குவார். நாட்டில் எல்லாருக்கும் வேலை இருந்தால் தொழிற்சாலை ஓயாமல் ஓடும், உற்பத்தி பெருகும், கையில் காசு புழங்கும், ஆனால் விலையும் ஏறும். விலையை அடக்க வேண்டுமானால் உற்பத்தியைக் கொஞ்சம் அடக்க வேண்டும், கொஞ்சம் பேர் வீட்டில் உட்கார வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்பார். அந்தக் 'கொஞ்சம் பேர்' யார் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வராது.

வீட்டிலும் இதே பாடம்தான். கல்யாணமான புதிதில் துளசி அக்கா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தாள். தொண்ணூற்றெட்டில் ரிங்கிட் மதிப்பு விழுந்து நாடே ஆட்டம் கண்டபோது அத்தான் அவளை வேலையை விடச் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் வந்தால் செலவு கூடும், இப்படி எல்லா வீட்டிலும் கூடினால் விலைவாசி கூடும், நாம் ஒரு உதாரணமாக இருப்போம் என்றாராம். அக்கா விட்டுவிட்டாள். நாட்டில் விலை இறங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருஷமே அவர் புதுக் காடி வாங்கி ஓட்டினார், அது விலைவாசிக் கணக்கில் எங்கே வருகிறது என்று கேட்டதற்கு, நான் படித்தது பள்ளி இறுதி எஸ்.பி.எம். மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நான் புஷ்பவள்ளி. சிம்பாங் அம்பாட்டில் வீடு. புருஷன் இல்லை, மகன் கோகிலன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். புக்கிட் தெங்காவில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்து லைன் லீடர் வரை வந்தேன். காலையில் இருட்டோடு கம்பெனி பஸ் வரும், ஏறி உட்கார்ந்தால் கம்பெனிதான் என் ஊர். அங்கே எல்லாருக்கும் தலையில் தொப்பி, முகத்தில் துணி, கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணை வைத்தே யாருக்குத் தலைவலி, யார் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சம்பளத்துக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் அது பொய்.

கொரோனா முடிந்து ஆர்டர்கள் குவிந்தபோது ஓவர்டைம் மேல் ஓவர்டைமாக ஓடினோம். கூடவே எல்லாம் விலை ஏறியது. கோழி கிடைக்காமல் அலைந்த வருஷம் அதுதான். கேன்டீனில் முன்பு முழு முட்டை வைத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதி முட்டைதான் வந்தது. பிறகு பேங்க் வட்டியை ஏற்றினார்கள், வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் எல்லாம் முனக ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் கம்பெனியின் கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. விலை ஏறிய அளவுக்காவது சம்பளத்தை ஏற்றிக் கொடுங்கள் என்று யூனியன் கேட்டது. கம்பெனி இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு ஒரு பதில் சொன்னது. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைகின்றன, சம்பளத்தை இப்போது தொடாமல் விட்டால் யாரையும் வேலையிலிருந்து எடுக்க மாட்டோம், தொட்டால் ஆட்குறைப்பு வரும், நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலாய்க்காரர்களுக்கு ஒரு நாள், நமக்கு ஒரு நாள் என்று கூட்டம் போட்டு நிலைமையை விளக்கிச் சொல்லி, அங்கேயே கை தூக்கி முடிவெடுக்கலாம் என்று ஏற்பாடு. யூனியன் செயலாளர் இத்ரீஸ் நல்ல மனுஷன்தான், ஆனால் களைத்துப்போயிருந்தார், ஒத்துக்கொண்டார். நம் கூட்டத்துக்குப் பேச யாரைக் கூப்பிடுவது என்று எச்.ஆர். மேனேஜர் லோகேஸ்வரன் யோசித்திருக்கிறான். அவனும் பிச்சைமுத்து சாரின் மாணவன். தமிழில் பேச வேண்டும், படித்தவராக இருக்க வேண்டும், எதிரே உட்காரும் பெண்கள் எழுந்து எதிர்த்துப் பேசாத ஆளாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஆள் பினாங்கில் ஒருவர்தான் இருந்தார்.

அவர் வருகிறார் என்று அக்கா போனில் சொன்னபோது, போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அத்தானிடமே பேசினேன். எங்கள் பக்கமும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டேன். பொருளாதாரத்துக்குப் பக்கம் கிடையாது என்றார்.

கூட்டம் கேன்டீன் மாடியில் நடந்தது. ஆளுக்கு ஒரு மீகூன் சேமியாப் பொட்டலம், ஒரு பெட்டித் தேநீர். அவர் உள்ளே நுழைந்ததும் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட, "வணக்கம் சார்" என்று ஒரே குரலில் இழுத்தார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்போதே முடிவு தெரிந்துவிட்டது.

வெள்ளைப் பலகையில் கோட்டை இறக்கினார். கம்பெனி கேட்டது நாலு வார்த்தை, இவர் கொடுத்தது ஒரு முழுப் பாடம். சம்பளம் ஏறினால் கம்பெனி பொருளின் விலையை ஏற்றும், எல்லாக் கம்பெனியும் ஏற்றினால் கடையில் விலை ஏறும், நீங்கள் மறுபடியும் சம்பளம் கேட்பீர்கள், இது ஓயாது என்றார். விலை ஏறும் ஏறும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதாலேயே விலை ஏறுகிறது என்றார். கோழி கிடைக்காமல் போனது எங்கள் எதிர்பார்ப்பால்தான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் சம்பளம் ஏறாமலேயே விலை ஏறியிருக்கிறதே என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். நல்ல கேள்வி, கடைசியில் வருகிறேன் என்றார். கடைசியில் வரவில்லை.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். சம்பளத்தை விட்டுக்கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒப்புகிறவர்கள் கை தூக்க வேண்டும். சார் மேடையில் நின்றுகொண்டிருந்தார், கையில் பேனா, கண்ணாடிக்கு மேலாகப் பார்வை. பள்ளிக்கூடத்தில் நின்ற அதே நிலை. கைகள் மளமளவென்று எழுந்தன. எண்ணிப் பார்த்தவர்கள் எழுப்பினார்களா, சார் பார்க்கிறாரே என்று எழுப்பினார்களா என்று அவர்களைக் கேட்டாலும் தெரியாது.

ஆறு பேர் தூக்கவில்லை. சாதாரண ஆளாக இருந்தால், பெரும்பான்மை வந்துவிட்டது என்று அதோடு விட்டிருப்பார். இவர் வாத்தியார். வகுப்பில் ஒரு கை குறைந்தாலும் இவருக்குப் பொறுக்காது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ரொஸ்னா, கை எங்கம்மா? ஸ்கூல்லயும் நீ கடைசி பெஞ்சிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ரொஸ்னாவும் சிரித்தாள், கையைத் தூக்கவில்லை. அடுத்து என்னைப் பார்த்து, வீட்டில்தான் என்னை எதிர்க்கிறாய் என்று பார்த்தால் இங்கேயுமா என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. மூன்று பேர் கூச்சப்பட்டுக் கையைத் தூக்கிவிட்டார்கள். முன்வரிசையில் லோகேஸ்வரன் தன் கோப்பின் மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். கடைசியாக ஷர்மினியைக் கூப்பிட்டார். லைனில் இரண்டு ஷர்மினிகள் உண்டு. லோகேஸ்வரன் தலையைத் தூக்கி, எந்த ஷர்மினி சார் என்று கேட்டான்.

"சுகுமாரன் மக ஷர்மினி. அந்தப் பச்சை டுடோங் முக்காடு போட்ட பொண்ணு பக்கத்துல இருக்கு பாரு, அந்தப் புள்ள."

சொல்லிவிட்டு, அவன் எழுதி முடிக்கும் வரை நின்றார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று என் அக்கா இப்போது சொல்லலாம். பேர் சொல்லுகிறவருக்குத் தான் யாரிடம் சொல்கிறோம் என்பது தெரியாதா?

சம்பளம் அப்படியே நின்றது. கேன்டீன் விலை இன்னொரு முறை ஏறியது. நாலு மாதம் கழித்து ஆர்டர் இன்னும் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஆட்குறைப்பும் வந்தது. எல்லா லைனிலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். தமிழ்ப் பெண்களில் மூன்று பேர்: ரொஸ்னா, சுகுமாரன் மகள் ஷர்மினி, நான். எங்களுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், நாங்கள் அலமாரியைக் காலி செய்கிறோம். கடைசியில் வந்தவரை முதலில் நீக்குவதுதான் எங்கும் உள்ள வழக்கம். இங்கே வழக்கம் திரும்பிக்கொண்டது. லோகேஸ்வரன் என் முகத்தைப் பார்க்காமல், சார் எப்படி இருக்கிறார் அக்கா என்று விசாரித்தான். எனக்கு அவன் மூக்கில் ஒரு குத்து விட வேண்டும் போலிருந்தது.

தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுத்தோம். எங்கள் மூவரையும் ஏன் பொறுக்கி எடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். அன்று கூட்டத்தில் பெயர் கூப்பிட்டதையும், மேனேஜர் எழுதிக்கொண்டதையும் வேலையில் இருக்கும் எவளும் வந்து சொல்ல மாட்டாள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. வெளியாள் ஒருவர் சொன்னால் எடுபடும் என்று இத்ரீஸ் சொன்னார். வெளியாள் என்றால் அங்கே இருந்தது ஒரே ஆள்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போனேன். ஞாயிறு மதியம், டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இலாகாவில் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், கூடக் குறையச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக மறுத்தார். அவர் பெயர் சொன்னது பாசத்தினாலாம். கம்பெனி ஆளைக் குறைத்தது ஆர்டர் இல்லாததாலாம். இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாதாம். தவிர, இப்படி ஆளாளுக்கு வழக்குப் போட்டால் கம்பெனி வியட்நாமுக்குப் போய்விடும், மிச்சம் இருக்கிறவர்களுக்கும் வேலை போகும், அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று என்னையே கேட்டார்.

"சம்பளத்த விட்டுக் குடுத்தா வேலை நிக்கும்னு நீங்கதானே அத்தான் சொன்னீங்க. இப்ப அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

"அது மொதப் பாடம், புஷ்பா. ரெண்டாவது பாடத்துல அந்தக் கோடே எடம் மாறும். வெலையும் ஏறும், வேலையும் போகும். அதெல்லாம் உண்டுதான். அன்னிக்கி அதுக்கு டைம் இல்ல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்தாலும் கிடைக்காமல் போகலாம் என்பது அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது, ஒரு முழு அத்தியாயமாக. அதை எங்களுக்குச் சொல்ல நேரம் இல்லை. ஆனால் ஷர்மினி யார் மகள் என்று சொல்ல நேரம் இருந்திருக்கிறது. இதைத்தான் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை, அதற்காகவே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். மடியில் விழுந்த சோற்றுப் பருக்கையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"பொதுவா பாத்தா, யாராவது கொஞ்சம் பேரு வெளியதான் இருக்கணும். அது நீயா இருக்கறது எனக்கும் வருத்தம்தான்."

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கீழே இறங்கி வரும்போது லிஃப்ட் வரை கூட வந்தாள், அவரிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். சொல்லிப் பார்த்திருப்பாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவர் வரவில்லை. சாட்சி இல்லாமல் நாங்கள் மூவர் மட்டும் இலாகாவில் போய் உட்கார்ந்தோம். எதிரே லோகேஸ்வரன், பக்கத்தில் கம்பெனி வக்கீல். கோப்பில் பெயர் எழுதியதா, அப்படி ஒன்றும் இல்லையே என்றான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு பழைய ஆட்களை நீக்கியதற்கு அவர்களிடமும் சரியான பதில் இல்லை. அதிகாரி அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது கம்பெனி இறங்கி வந்தது. இரண்டு பேரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது ஆளுக்கு இழப்பீடு தருகிறோம். யார் அந்த இரண்டு பேர் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் சொன்னார். அதில் மிரட்டல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

வெளியே நடையில் நின்றோம். ஷர்மினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பெயரில் வாங்கிய வீட்டுக்கு இவள்தான் தவணை கட்டுகிறாள். ரொஸ்னாவின் புருஷனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. மூவரும் வேலைக்குத் திரும்புவோம், இல்லை மூவரும் கோர்ட்டுக்குப் போவோம் என்று முதல் நாளே சத்தியம் செய்யாத குறையாகப் பேசி வைத்திருந்தோம். நான் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். ரொஸ்னா முந்திக்கொண்டாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. யாராவது ஒருத்தர் வெளிய இருந்தாதானே மத்த ரெண்டு பேரு உள்ள போக முடியும். உங்களுக்குத் தாங்கும்லா. கோகிலன் சம்பாதிக்கிறான்."

ஷர்மினி அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. வரும் வழியில் இருவரும் பேசி வைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. எனக்கு ரொஸ்னா மேல் கோபம் வரவில்லை என்றால் அது பொய். வந்தது. ஆனால் அவள் பேசிய வார்த்தை அவளுடையது இல்லை. கடைசி பெஞ்சு என்று கேலி செய்தாரே, அந்தப் பிள்ளைக்குப் பாடம் நன்றாக ஏறியிருந்தது. முதலில் எங்களைச் சம்பளத்துக்கும் வேலைக்கும் நடுவில் நிறுத்தினார்கள், இப்போது ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்கள் உள்ளே ஏர்கானில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி என்றேன். பெரிய மனசு காட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுத்தால் அவர்கள் இருவரும் எனக்குச் சாபம் கொடுப்பார்கள், அதோடு நானும் கோர்ட்டில் தனியாக நிற்பேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். லோகேஸ்வரன் நன்றி அக்கா என்றான். கம்பெனி பஸ் இப்போதும் என் வீட்டு வழியாகத்தான் போகிறது. அது வரும் நேரத்தில் நான் முன்பக்கம் வருவதில்லை. ரொஸ்னா ஒரு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

இழப்பீடு கரைந்துகொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது லைன் லீடரை எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. ஒரு கடையில் பாத்திரம் கழுவக் கேட்டார்கள், ஒரு மாதம் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கோகிலன் பணம் அனுப்புகிறான். அதை வாங்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கிறது. தாங்கும் என்று ரொஸ்னா சொன்னது இதைத்தான்.

அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இருந்தேன். ஆனால் எங்கள் அப்பாவுக்குத் திதி கொடுப்பது அக்கா வீட்டில்தான், அதற்குப் போகாமல் இருக்க முடியாது. பாலம் கடந்து, பஸ் மாறி, காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். அக்கா பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். அவர் மேசையில் டியூஷன் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கோடு, படுக்கைக் கோடு, சரிந்து இறங்கும் வளைகோடு, தாளுக்குத் தாள் அதே படம். சில பிள்ளைகள் ஸ்கேல் வைத்து நேராகவே போட்டிருந்தார்கள், அவர் சிவப்பு மையில் வளைத்துக் காட்டியிருந்தார்.

நானாகப் பேசவில்லை. அவர்தான் பேனாவை மூடி வைத்துவிட்டு, விட்டுக்கொடுத்து நல்ல காரியம் செய்தாய் என்றார். உணர்ச்சிவசப்படாமல் சரியான முடிவு எடுத்தாயாம். பொருளாதாரம் படித்தவர்கள்கூட அப்படி எடுக்க மாட்டார்களாம். அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அந்த நேரம் அக்கா பையோடு உள்ளே வந்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எல்லாம் பாதிதான் வாங்கினேன், வாழைக்காயை விலை கேட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன், விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்று என்னிடம் சொன்னாள். நான் அவரைப் பார்த்துத் திரும்பினேன். இத்தனை மாதமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன்.

"அத்தான், நான் வெளிய வந்தா வெலை குறையும்னு சொன்னீங்க. வந்து வருஷம் ஆகப் போவுது. என்னைக் குடுத்து வாங்கின அந்த வெலை எந்தக் கடையில இருக்குன்னு சொல்லுங்க. நான் போயி வாங்கிட்டு வர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவனுக்குச் சொல்கிற பொறுமையோடுதான் பதில் சொன்னார்.

"அது கடையில தெரியாது, புஷ்பா. சராசரியில தெரியும்."

அவர் கேலி செய்யவில்லை. அதை நம்பித்தான் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் நான் செய்த வேலை, என் பஸ், என் லைன், நடையில் நின்று ரொஸ்னாவிடம் நான் சொன்ன சரி, எல்லாம் அவருக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு இலக்கம். திருத்திய தாளை அடுக்கி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அக்கா குனிந்து பையிலிருந்த காய்களைத் தரையில் கொட்டினாள். கத்தரிக்காய் ஒன்று மேசைக்கு அடியில் உருண்டது, எடுக்கவில்லை. காலிப் பையைக் கொண்டுபோய் அவருடைய தாள்களின் மேல் வைத்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"வாழைக்கா இன்னும் வாங்கல. போயி அந்தச் சராசரிகிட்டயே வாங்கிட்டு வாங்க."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். அப்பா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்ற நேரம் ஆகிக்கொண்டிருந்தது, வாழைக்காய் இல்லாமல் இலை போட முடியாது. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு செருப்பை மாட்டினார்.

வர வெகு நேரம் ஆனது. வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பையில் மெலிந்த வாழைக்காய் இரண்டு இருந்தன, மூன்று பேருக்குக் காணாது. கடைக்காரன் ஏமாற்றுகிறான், வாய்க்கு வந்த விலை சொல்கிறான், கேட்டால் வேண்டாமென்றால் போ என்கிறான் என்று என்னிடமே முறையிட்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகிறபோது திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நாளைக்கும் நீங்கதான் போறீங்க."